மலையடிவாரத்தில் வளியமுக்கம்

மஸ்கெலியாவிலிருந்து மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கரையோரமாக வரும் வீதி முடிகின்ற இடத்தில் அமைந்துள்ள நல்லதண்ணி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,250 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளின் வழியே சென்றடையும் சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றர் உயரமுடையது. சில கிலோமீற்றர் நடைக்குள் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏறி இறங்கக்கூடிய வசதி ஒரு பாடசாலையின் வாசலிலேயே அமைந்திருப்பது, வாயுக்களின் இயல்புகளைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு வாய்த்த பெரும் வளமாகும். எனினும் மலையகத்தின் அறிவியல் வகுப்பறைகளில் இவ்வளம் கொள்ளப்படவேண்டிய அளவுக்குக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

வளிமண்டல அமுக்கம் என்பது, ஓரிடத்துக்கு மேலே வானம் வரை நிற்கும் வளி நிரல் தன் நிறையினால் அவ்விடத்தின் ஓரலகுப் பரப்பின்மேல் செலுத்தும் விசையாகும். அது கடல் மட்டத்தில் சராசரியாக 1,013 ஹெக்டோபாஸ்கல் என்று பாடநூல்கள் கூறுகின்றன. ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஒரு சதுர மீற்றரின்மேல் 100 நியூட்டன் விசை என்பதைக் குறிக்கும். கொழும்புக்கும் காலிக்கும் பொருந்தும் இவ்வெண் நல்லதண்ணிக்குப் பொருந்தாது. நியம வளிமண்டலக் கணக்கின்படி நல்லதண்ணியின் உயரத்தில் அமுக்கம் ஏறத்தாழ 872 ஹெக்டோபாஸ்கலாகவும், சிவனொளிபாதமலையின் உச்சியில் ஏறத்தாழ 771 ஹெக்டோபாஸ்கலாகவும் இருக்கும். அதாவது, உச்சியில் நிற்பவரின் காலடியில் வளிமண்டலத்தின் கால் பங்களவு கீழே தங்கிவிடுகின்றது. இந்த வேறுபாட்டை மனனம் செய்யவேண்டிய அட்டவணையாகத் தராமல், மாணவர் தம் கையாலேயே அளந்து கண்டறியும் பொருளாக மாற்ற முடியும் என்பதும், அதற்கு வெற்றிடப் பம்பியோ இரசப் பாரமானியோ தேவையில்லை என்பதுமே இவ்வத்தியாயத்தின் பொருள்.

அளப்பதற்கு முன், வளிக்கு நிறை உண்டு என்பதை மாணவர் உண்மையிலேயே நம்பவேண்டும். எட்டு மீற்றர் நீளமும் ஆறு மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் உயரமும் கொண்ட ஒரு வகுப்பறையின் கனவளவு, அதாவது அது அடைக்கும் இடத்தின் அளவு, 144 கன மீற்றராகும். நல்லதண்ணியின் உயரத்தில் ஒரு கன மீற்றர் வளியின் திணிவு ஒரு கிலோகிராமுக்குச் சற்று அதிகமாகையால், அந்த வகுப்பறைக்குள் இருக்கும் வளி மட்டும் ஏறத்தாழ 150 கிலோகிராம் ஆகின்றது. 80 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள ஒரு உள்ளங்கையின்மேல் வளிமண்டலம் செலுத்தும் விசை ஏறத்தாழ 70 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். பல தோட்டங்களில் ஒரு நாட்கூலிக்குப் பறிக்கவேண்டிய கொழுந்து 18 கிலோகிராம் என்று கொண்டால், இது ஏறத்தாழ நான்கு பேரின் ஒரு நாள் கொழுந்தை ஒரே கையில் ஏந்துவதற்கு ஒப்பானது. அந்தக் கை கீழே அழுந்தாமல் இருப்பதற்குக் காரணம், கையின் அடிப்புறத்திலும் வளி அதே அளவு மேல்நோக்கித் தள்ளுவதுதான். வாயுத் துணிக்கைகள் எல்லாத் திசைகளிலும் ஓயாமல் அசைந்து, எதிர்ப்படும் ஒவ்வொரு மேற்பரப்பிலும் மோதிக்கொண்டிருப்பதால், அமுக்கமும் எல்லாத் திசைகளிலும் செயற்படுகின்றது.

நீர் நிறைந்த கிளாசின் வாயை ஒரு மட்டையால் மூடிக் கவிழ்க்கும் பழைய பரிசோதனை இக்கருத்தையே காட்டுகின்றது. கிளாசில் வளி சிறிதும் இருக்கக்கூடாது என்று வழக்கமாகச் சொல்லப்படுவது முழுவதும் சரியன்று. பாதியளவு நீர் ஊற்றிய கிளாசிலும் மட்டை விழாமல் நிற்கும். மட்டை மயிரிழையளவு தாழும்போது உள்ளே சிறைப்பட்ட வளி சற்றே விரிந்து அதன் அமுக்கம் குறைகின்றது. ஆறு சென்ரிமீற்றர் உயரமுள்ள நீரைத் தாங்குவதற்கு உள்வளியின் அமுக்கம் ஆறு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் போதும். அதற்கு 100 மில்லிலீற்றர் வளி ஒரு மில்லிலீற்றருக்கும் குறைவாகவே விரியவேண்டும். மட்டையின் விளிம்பில் நீரின் மேற்பரப்பு இழுவிசை அந்தச் சிறு இடைவெளியை அடைத்துக்கொள்கின்றது. முழுக் கிளாஸ், அரைக் கிளாஸ், கால் கிளாஸ் என்று மாற்றிப் பார்க்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னதாக என்ன நிகழும் என்று மாணவரை எழுதிவைக்கச் சொல்வது, ஆசிரியர் ஒரு முறை செய்துகாட்டிக் கைதட்டல் பெறுவதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

மலையடிவாரத்தில் ஓர் அமுக்க அளவீட்டைச் செய்வதற்கு மிகச் சிறந்த கருவி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்சு. அதன் தள்ளுதண்டை 20 என்ற கோடு வரை இழுத்து, முனையை இறுக்கமாக அடைத்து, நிமிர்த்தி நிறுத்தி, தண்டின் தலையில் சிறிது சிறிதாகப் பாரம் ஏற்றவேண்டும். சீனிப் பொதிகளும் நீர் நிரப்பிய போத்தல்களுமே பாரமாகப் பயன்படலாம். வெப்பநிலை மாறாதிருக்கையில், குறித்த திணிவுள்ள ஒரு வாயுவின் அமுக்கமும் கனவளவும் ஒன்றுக்கொன்று நேர்மாறு விகிதத்தில் இருக்கும் என்பதே 1662 இல் ரொபேட் போயில் வெளியிட்ட விதி. எனவே வாயுவின் கனவளவு பாதியாகவேண்டுமானால் அமுக்கம் இருமடங்காகவேண்டும். இங்கே மாணவர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பாரம் எதுவும் ஏற்றப்படாத நிலையிலேயே வளிமண்டலம் அத்தண்டை ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கின்றது. ஆகவே 20 மில்லிலீற்றரை 10 மில்லிலீற்றராக்கும் பாரம் எவ்வளவோ, அவ்வளவே வளிமண்டலம் அத்தண்டின்மேல் செலுத்தும் விசையும் ஆகும். வேறெந்தக் கருவியுமின்றி வளிமண்டலத்தை நிறுத்துப் பார்க்கும் வழி இது.

தண்டின் குறுக்குப் பரப்பைக் கண்டறிவதும் எளிது. 20 மில்லிலீற்றருக்கான கோடுகள் எத்தனை சென்ரிமீற்றர் நீளத்தில் வரையப்பட்டுள்ளன என்பதை அடிமட்டத்தால் அளந்து, 20 ஐ அந்நீளத்தால் வகுத்தால் பரப்பு சதுர சென்ரிமீற்றரில் கிடைத்துவிடும். பெரும்பாலும் அது மூன்று சதுர சென்ரிமீற்றருக்கு அண்மையில் இருக்கும். அத்தகைய சிரிஞ்சில் வளியைப் பாதியாக்க நல்லதண்ணியில் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் பாரமும், கொழும்பில் ஏறத்தாழ 3.1 கிலோகிராம் பாரமும் தேவைப்படும் என்று கணக்கு காட்டுகின்றது. இறப்பர் வளையத்தின் உராய்வு இந்த அளவீட்டைக் குழப்பும் என்பதால், பாரத்தை ஏற்றும்போது ஒரு முறையும் இறக்கும்போது ஒரு முறையும் கனவளவை வாசித்து, இரண்டின் சராசரியை எடுக்கவேண்டும். உயர்தர மாணவர் ஒரு படி மேலே சென்று, பாரத்தால் கூடும் அமுக்கத்தைக் கனவளவின் தலைகீழ் எண்ணுக்கு எதிரே வரைபாக்கலாம். கிடைக்கும் நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது அமுக்க அச்சை வெட்டும் இடம் வளிமண்டல அமுக்கத்தைத் தந்துவிடும். அளந்து கிடைக்கும் எண் 850 ஆகவோ 900 ஆகவோ இருந்தாலும் அது குறையன்று. 1,013 என்ற எண்ணை நோக்கி விடையைத் திருத்தி எழுதுவதுதான் குறை.

மலையை நேரடியாகப் பரிசோதனைக்கு உட்படுத்துவதற்கு ஒரு முன்மாதிரி வரலாற்றில் இருக்கின்றது. இரசம் நிரப்பிய குழாயை இரசத் தொட்டியில் கவிழ்க்கும்போது 76 சென்ரிமீற்றர் அளவில் இரசம் நின்றுவிடுவதற்குக் காரணம் வெளியிலுள்ள வளியின் நிறையே என்று இத்தாலியரான தொரிசெல்லி 1644 இல் விளக்கினார். அது உண்மையாயின், மேலே செல்லச் செல்ல வளி நிரல் குறுகி, இரசமும் தாழவேண்டும் என்று பிரான்சின் பிளேய்ஸ் பஸ்கால் ஊகித்தார். அவரது வேண்டுகோளின்படி மைத்துனர் புளொறின் பெரியே, 1648 செப்டெம்பர் 19 அன்று, 1,465 மீற்றர் உயரமுள்ள புய் த தோம் மலைக்கு இரசக் குழாயுடன் ஏறினார். மலையடியிலுள்ள கிளெர்மொன் நகரின் மடாலயத் தோட்டத்துக்கும் உச்சிக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ ஆயிரம் மீற்றர். இரசம் எட்டு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமாகத் தாழ்ந்தது. நல்லதண்ணிக்கும் சிவனொளிபாதமலை உச்சிக்கும் உள்ள உயர வேறுபாடும் அதே ஆயிரம் மீற்றர்தான் என்பது, ஐரோப்பாவின் புகழ்பெற்ற அந்தப் பரிசோதனையை மலையகப் பிள்ளைகள் தம் ஊரிலேயே அதே அளவில் மீளச் செய்யலாம் என்பதைக் காட்டுகின்றது.

பெரியேயின் திறமை மலையேறியதில் மட்டும் இல்லை. அதே அளவுள்ள இன்னொரு குழாயைத் தோட்டத்திலேயே விட்டு, நாள் முழுவதும் அதைக் கவனிக்குமாறு ஒரு துறவியிடம் ஒப்படைத்துவிட்டே அவர் புறப்பட்டார். கீழே இருந்த இரசம் அன்று முழுவதும் அசையவில்லை என்பதனால்தான் மேலே கண்ட மாற்றத்துக்கு உயரமே காரணம் என்று உறுதியாகக் கூற முடிந்தது. ஒன்றை மாற்றி மற்றொன்றை மாற்றாது வைத்து ஒப்பிடும் இம்முறையே கட்டுப்பாட்டுப் பரிசோதனை எனப்படும். இலங்கை போன்ற வெப்பவலய நாடுகளில் வளியமுக்கம் முற்பகல் பத்து மணியளவில் உயர்ந்தும், பிற்பகல் நான்கு மணியளவில் தாழ்ந்தும், இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு நாள்தோறும் ஒழுங்காக ஊசலாடுவதால் இம்முறை இங்கே இன்னும் அவசியமாகின்றது. நல்லதண்ணியின் உயரத்தில் பத்து மீற்றர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும் என்ற கணக்கின்படி, நாளின் ஊசலாட்டத்தை மறந்துவிடுபவர் உயரத்தில் இருபது முப்பது மீற்றர் பிழைவிடுவார்.

இரசம் நஞ்சு, பாடசாலைக்குள் அது வரவே கூடாது. அதன் இடத்தை ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் நிரப்பிவிடும். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரையான யாத்திரைக் காலத்தில் மலையேறுபவர் ஒருவர், உச்சியில் வெறும் போத்தலின் மூடியைத் திறந்து, உள்ளே அவ்விடத்து வளி நிறைந்ததும் இறுக மூடி, அங்குள்ள வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு இறங்கவேண்டும். படிகளில் இறங்க இறங்கப் போத்தலின் பக்கங்கள் உட்குழிந்து, நல்லதண்ணியை அடையும்போது பிடித்து நசுக்கியதுபோல் ஆகிவிடும். வகுப்பறையில் அதை ஒரு வாளி நீருக்குள் தலைகீழாக அமிழ்த்தி, நீரினடியிலேயே மூடியைத் திறந்தால், நீர் உள்ளே பாய்ந்து போத்தல் பழைய உருவத்தைப் பெறும். உள்ளே புகுந்த நீரை அளவுச்சாடியில் ஊற்றி அளந்தால், வளி எவ்வளவு சுருங்கியது என்பது மில்லிலீற்றரில் தெரிந்துவிடும்.

இங்கே கணக்கு சுவையான ஒரு திருப்பத்தை எடுக்கின்றது. 771 ஹெக்டோபாஸ்கலில் மூடப்பட்ட ஒரு லீற்றர் வளி 872 ஹெக்டோபாஸ்கலுக்கு வரும்போது, போயிலின் விதிப்படி ஏறத்தாழ 115 மில்லிலீற்றர் சுருங்கவேண்டும். ஆனால் விடியற்காலையில் உச்சியில் வெப்பநிலை 10 பாகை செல்சியசாகவும், வகுப்பறையில் 20 பாகையாகவும் இருந்தால், வளி சூடேறியதனால் சற்று விரிந்துமிருக்கும். அமுக்கம் மாறாதபோது வாயுவின் கனவளவு அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும் என்பது சாள்சின் விதி. தனி வெப்பநிலை என்பது செல்சியஸ் அளவுடன் 273 ஐக் கூட்டிப் பெறுவது. 283 இலிருந்து 293 ஆக உயரும் வெப்பநிலை சுருக்கத்தின் ஒரு பகுதியை ஈடுசெய்துவிடுவதால், உட்புகும் நீர் 85 மில்லிலீற்றர் அளவில்தான் இருக்கும். எதிர்பார்த்ததைவிட நீர் குறைவாக வந்ததே என்று மாணவர் திகைக்கும் அந்த இடத்தில்தான் இரண்டு விதிகளும் ஒரே போத்தலுக்குள் சந்திக்கின்றன. அச்சந்திப்பை ஆசிரியர் அவசரப்பட்டு விளக்கிவிடாமல், மாணவரையே தேடவிடுவது நன்று. பெரியேயின் துறவியைப் போல, நல்லதண்ணியில் மூடப்பட்டு வகுப்பறையிலேயே நாள் முழுதும் வைக்கப்பட்ட இன்னொரு போத்தலும் மேசைமேல் இருக்கவேண்டும்.

கொழும்பிலிருந்து ஹற்றனுக்கு வரும் பஸ்ஸில் கொண்டுவரப்படும் முறுக்குப் பொதிகளும் பிஸ்கற் பொதிகளும் உப்பிப்போவதும், உடரட்ட புகையிரதம் ஏறும்போது காது அடைப்பதும் இதே நிகழ்வின் மறுபக்கங்களே.

கொதிநிலையும் மலையில் மாறிவிடுகின்றது. திரவம் ஒன்றின் ஆவியமுக்கம் வெளி அமுக்கத்துக்குச் சமமாகும் வெப்பநிலையிலேயே அது கொதிக்கும் என்பதால், வெளி அமுக்கம் குறைந்த இடத்தில் நீர் முன்னதாகவே கொதித்துவிடும். நல்லதண்ணியில் நீர் ஏறத்தாழ 96 பாகையிலும், சிவனொளிபாதமலை உச்சியில் ஏறத்தாழ 92 அல்லது 93 பாகையிலும் கொதிக்கின்றது. கொண்டைக்கடலை வேக அதிக நேரம் பிடிப்பதும், அமுக்க அடுப்புச்சட்டி மலையகச் சமையலில் விறகையும் எரிவாயுவையும் வெகுவாக மிச்சப்படுத்துவதும் இதனால்தான். வெப்பமானி 96 இல் நின்றுவிட்டதைக் காணும் மாணவர், 100 என்று புத்தகத்தில் அச்சிடப்பட்டிருப்பதால், வெப்பமானி பழுது என்றோ தம் கண் பழுது என்றோ முடிவுசெய்து 100 என்று எழுதிவிடும் நிலை மிகவும் வருந்தத்தக்கது. சரியாக அளந்த பிள்ளையே தன் அளவீட்டை அழித்துவிடுகின்றது. யாத்திரைக் காலத்தில் படிவழியெங்கும் அடுப்பில் கேத்தல் வைத்திருக்கும் தேநீர்க் கடைகளில் அனுமதி பெற்று, உயரத்துக்கு உயரம் கொதிநிலையை அளந்துசென்றால், ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் அது தாழ்வது தெரியும்.

செய்துகாட்டப்படும் எல்லாப் பரிசோதனைகளும் சொல்லப்படும் விளக்கத்தை மெய்ப்பிப்பதில்லை என்பதற்கு, தட்டிலுள்ள நீரில் எரியும் மெழுகுதிரியைக் கிளாசால் மூடும் பரிசோதனை நல்ல சான்று. திரி அணைந்ததும் நீர் மேலேறுகின்றது. எரிந்துபோன ஒட்சிசனின் இடத்தை நீர் நிரப்பியது என்றும், வளியில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன் என்பதற்கு அதுவே சான்று என்றும் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. இவ்விளக்கம் தவறானது. வளியில் ஒட்சிசன் 21 சதவீதமிருக்க, அது ஏறத்தாழ 16 சதவீதமாகக் குறையும்போதே திரி அணைந்துவிடுகின்றது. எரிதலால் உண்டாகும் காபனீரொட்சைட்டும் இடத்தின் ஒரு பகுதியை நிரப்புகின்றது. கிளாசை மூடும்போது சுவாலையால் சூடேறி விரிந்த வளியின் ஒரு பகுதி குமிழிகளாக வெளியேறிவிட, மீந்த வளி குளிர்ந்து அமுக்கம் குறையும்போது வெளி வளிமண்டலம் நீரை உள்ளே தள்ளுகின்றது. நீர் பெருமளவில் ஏறுவது திரி எரியும்போதன்று, அணைந்த பின்னரே என்பதைக் கூர்ந்து பார்த்தாலே உண்மை புலப்படும். ஒரு திரிக்குப் பதிலாக மூன்று திரிகளை ஏற்றினால் நீர் இன்னும் உயர ஏறும். ஒட்சிசன் விளக்கம் சரியானால் அவ்வாறு நிகழக் காரணமில்லை. தவறான விளக்கத்தை மாணவரே பரிசோதனையால் உடைக்கக்கூடிய இத்தகைய வாய்ப்பு அரிதாகையால், இப்பரிசோதனையைக் கைவிடாமல் இந்த வடிவத்தில் செய்விக்கவேண்டும்.

சிறிது நீரைக் கொதிக்கவைத்த அலுமினிய ரின்னைக் குளிர்நீரில் கவிழ்த்தால் அது கணத்தில் நசுங்கிவிடுவது, நீராவி ஒடுங்கி நீராகும்போது தன் இடத்தை ஏறத்தாழ 1,700 இல் ஒரு பங்காகச் சுருக்கிக்கொள்வதால் நிகழ்கின்றது. இதை இடுக்கி கொண்டு ஆசிரியரே செய்துகாட்டவேண்டும். மாணவர் கையில் விடக்கூடாது. அப்பச்சோடாவில் வினாகிரியை ஊற்றிப் பெறும் காபனீரொட்சைட்டை, நீர் ஊற்றுவதுபோல் ஒரு கிளாசிலிருந்து எரியும் திரியின்மேல் ஊற்றி அணைப்பதன்மூலம், வளியைவிட அடர்ந்த வாயுக்களும் உண்டு என்பதைச் சிறு வகுப்புகளுக்கும் காட்டலாம்.

வாய்ப்பு இருக்குமானால் ஒரு நீர்ப் பாரமானியையும் அமைத்துப் பார்க்கலாம். படிகட்டாக வெட்டப்பட்ட மலைச்சரிவில் கட்டப்பட்ட பாடசாலைகளுக்குப் பத்து மீற்றர் உயரம் என்பது தேடிப்போகவேண்டிய ஒன்றன்று. கொதிக்கவைத்து ஆறிய நீரால் நிரப்பிய, தடித்த சுவருள்ள ஒளிபுகும் குழாயின் ஒரு முனையை இறுக அடைத்து மேலே தூக்கி, மறுமுனையை வாளி நீரில் அமிழ்த்தி வைத்தால், கடல் மட்டத்தில் பத்து மீற்றர் அளவில் நிற்கும் நீர் நல்லதண்ணியில் எட்டரை மீற்றருக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். மெல்லிய குழாய் வெளி அமுக்கத்தால் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். கொதிக்கவைக்காத நீரில் கரைந்திருக்கும் வளி குமிழிகளாகப் பிரிந்து மேலே சேர்ந்து அளவைக் கெடுக்கும். உறிஞ்சு பம்பியால் கிணற்று நீரை ஓர் எல்லைக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து இழுக்க முடியாததற்கும், மலையகத்தில் அந்த எல்லை கரையோரத்தைவிடக் குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

கையில் கிடைக்கும் பொருள்களால் அறிவியலைக் கற்பிப்பது வசதியற்றோருக்கான மாற்றுவழி என்று எண்ணுவது பிழை. போரினால் ஆய்வுகூடங்களை இழந்த நாடுகளின் ஆசிரியருக்காகத் தொகுக்கப்பட்ட சிறு நூலிலிருந்து வளர்ந்ததே, 1956 இல் யுனெஸ்கோ வெளியிட்டு உலகெங்கும் பரவிய அறிவியல் கற்பித்தல் மூலநூல். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 1972 இல் 16 கிராமப் பாடசாலைகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், மனனத்தை நீக்கிப் பரிசோதனையை மையமாக வைத்து 2002 வரை அரசுப் பாடசாலைகளிலேயே நடந்தது. அத்திட்டத்தோடு பழகிய பொறியியலாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் பழைய சைக்கிள் வால்வுக் குழாயும் கொண்டு பிள்ளைகளுக்கான அறிவியல் விளையாட்டுப் பொருள்களை உருவாக்கினார். 1970களில் அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஆய்வுகூட வசதி இன்றும் போதாமல் இருப்பதை இந்த எடுத்துக்காட்டுகள் நியாயப்படுத்திவிடா; ஆய்வுகூடம் அப்பிள்ளைகளின் உரிமை. ஆனால் ஆய்வுகூடம் வரும்வரை வாயுவியலைக் கரும்பலகையில் மட்டும் நடத்தவேண்டிய தேவை மலையக ஆசிரியருக்கு இல்லை.

ஆகவே நல்லதண்ணியிலும், மஸ்கெலியாவிலும், ஹற்றனிலும் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், அடுத்த யாத்திரைக் காலம் தொடங்குமுன் ஒரு பதிவேட்டைத் திறந்து, தம் பாடசாலையின் சிரிஞ்சு அளவீட்டையும் கொதிநிலையையும் போத்தலில் புகுந்த நீரின் அளவையும், அளந்த மாணவரின் பெயரோடும் நாளோடும் நேரத்தோடும் அதில் எழுதச் செய்வார்களாக. கொண்டுசென்ற போத்தல் ஒன்றையேனும் மலைமேல் விட்டுவரக்கூடாது. பரீட்சைத் தாளில் கடல் மட்டத்துக்கான விடையை எழுதத் தெரிந்திருப்பது வேறு, தன் ஊரின் அமுக்கத்தைத் தானே அளந்து அறிந்திருப்பது வேறு. மலையகப் பிள்ளைக்கு இரண்டும் தெரிந்திருக்கவேண்டும்.